நான்கே எடைக்கற்கள்

ஒரு தராசு இருக்கிறது. 1 முதல் 40 ராத்தல் வரையில் எந்த முழு எடையையும் அதில் நிறுத்தாக வேண்டும். ஆனால் எடைக்கற்கள் இயன்ற அளவு குறைவாக இருக்கவேண்டும். எத்தனை கற்கள் தேவை?

கற்களை ஒரு தட்டில் மட்டுமே வைப்பதென்றால் 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு கற்கள் வேண்டும். சரக்குத் தட்டிலும் கல்லை வைக்கலாம் என்றாலோ 1, 3, 9, 27 ஆகிய நான்கே போதும்! 5 ராத்தல் சர்க்கரை வேண்டுமா? ஒரு தட்டில் 9 ராத்தல் கல்லை வைத்து, சர்க்கரையோடு 3, 1 ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்தால் தராசு சமனாகிவிடும். 14 ராத்தலுக்கு என்ன வழி என்று நேயர்கள் முயன்று பார்க்கலாம்.

இத்தாலியக் கணித அறிஞர் பிபோனாச்சி 1202-ல் எழுதிய நூலில் இப்புதிர் காணப்படுகிறது. பாரத நாட்டில் தோன்றிய பத்து இலக்கங்களை ஐரோப்பாவில் பரவச் செய்த நூல்களில் தலைசிறந்ததும் அதுவே. பத்தைப் போற்றிய நூலுக்குள்ளேயே மூன்றின் விசித்திரமும் அடங்கியிருந்தது!

இந்த நிறுவையையே எழுத்து முறையாக்கிவிடலாம். கல் எதிர்த்தட்டில் இருந்தால் +, சரக்குத் தட்டில் இருந்தால் −, வெளியே இருந்தால் 0. பெரிய கல்லிலிருந்து தொடங்கினால் 5 என்பது + − − ஆகும். நான்கு இடங்களில் இக்குறிகளை 81 விதமாக அமைக்கலாம். அவை −40 முதல் +40 வரையுள்ள 81 எண்களுக்கும் ஆளுக்கொன்றாகச் சரியாகப் பொருந்துகின்றன. ஒன்று கூட வீணாவதில்லை. + − − என்பதைத் தலைகீழாக மாற்றி − + + என்று எழுதினால் −5 கிடைத்துவிடும். ஓர் எண் இரட்டைப்படையா என்று அறிய, + − குறிகளை மட்டும் எண்ணினால் போதும். அவை இரட்டையானால் எண்ணும் இரட்டை. கற்கள் யாவும் ஒற்றைப்படை எடை உள்ளவை அல்லவா?

இதை வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் டெவன் பிரதேசத்தைச் சேர்ந்த தாமஸ் பவுலர், 1840-ல் இம்முறையில் இயங்கும் கணக்கு யந்திரம் ஒன்றை மரத்தினாலேயே செய்து முடித்தார். குறிகள் மூன்றே ஆனபடியால், அதன் உறுப்புகளை எளிய முறையில் அமைக்க முடிந்தது. ஆனால், வெந்நீரால் கட்டடங்களுக்கு உஷ்ணமூட்டுவதற்கு அவர் முன்பு கண்டுபிடித்த சாதனத்தைப் பிறர் அபகரித்திருந்தனர். அந்த மனக்கசப்பினால் யந்திரத்தின் வரைபடங்களை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. 1843-ல் அவர் காலமானார். யந்திரமும் மறைந்து போயிற்று.

மாஸ்கோ சர்வகலாசாலையில் 1958-ல் புருசென்சோவ் என்பவரும் அவருடைய சகாக்களும் இதே முறையில் 'சேதுன்' என்ற மின்னணுக் கணினியை இயக்கிக் காட்டினார்கள். சுமார் 50 கணினிகள் செய்யப்பட்டன. 1965-ல் உற்பத்தி நின்றது. இரண்டே நிலைகள் கொண்ட உறுப்புகள் எளிதாகவும் மலிவாகவும் கிடைத்தமையால் உலகம் இரண்டின் வழியே சென்றுவிட்டது.

பத்து நமக்குக் கைவிரல்கள் தந்த பழக்கம். கணினிக்கு இரண்டு வசதி. எப்படி எழுதினாலும் எண் மாறுவதில்லை. ஆயினும், பத்தில் எழுதும்போது புலப்படாத அதன் குணம் ஒன்று மூன்றில் எழுதும்போது கண்ணெதிரே வந்து நிற்கிறது.

14 ராத்தலா? 27 ஒரு தட்டில். மற்ற மூன்று கற்களும் சரக்கோடு!