தோளைப் பார்த்தால் ஆண்டு தெரியும்

1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும், மாஸ்கோவின் அர்பாத் தெருவில் ராணுவ அதிகாரிகளின் பழைய சீருடைகள் விற்பனைக்கு வந்தன. இந்தச் சரக்கில் பழமைக்குத்தான் விலை. ஆகவே புரட்டும் கூடவே வரும்.

தோள்பட்டைச் சின்னத்தோடு ஒரு மேல்சட்டையைக் காட்டி, "1941 மாஸ்கோ போரில் இப்படியே அணிந்தது" என்றால் நம்பாதீர்கள். செம்படையில் தோள்பட்டைச் சின்னம் 1943 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை பதவிக்குறி கழுத்துப்பட்டையில் இருந்தது. மடிப்புக் காலர் போய் நிமிர்ந்த காலர் வந்ததும் அப்போதுதான்.

சின்னத்தைப் பிறகும் தைக்கலாம். எனவே உள்துணியையும் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் தயாரித்த ஆண்டு முத்திரையாக இருக்கும். தோள், காலர், முத்திரை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மூட்டையின் மேலெழுத்தை நம்பாமல் குத்தூசி போட்டுப் பார்க்கும் நமக்கு இது புதிய பாடமல்ல.