இறப்பர் மரமும் ஃபிரீ ஃபயரும்

கடந்த ஓராண்டில் நான் விரும்பி ஆடிய கைத்தொலைபேசி ஆட்டங்கள் இரண்டு: லூடோ கிங், ஃபிரீ ஃபயர். கரவனெல்லையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் இந்தப் பெயர்கள் தெரியாத வீட்டைக் காண்பது கஷ்டம். பால்வெட்டு முடிந்து வந்த பெரியவர்கள் பின்னேரத்தில் லூடோ ஆடுகிறார்கள். பெடியன்கள் ஃபிரீ ஃபயரில் இறங்குகிறார்கள்.

தோற்றவர்கள் சொல்வதைக் கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். லூடோவில் தோற்றவர் போனைத் திட்டுவார். "பத்துத் தடவ உருட்டிட்டேன், எனக்கு மட்டும் ஒரு ஆறு விழல. போன் கள்ளத்தனம் பண்ணுது" என்பார் எங்கள் சித்தி. ஃபிரீ ஃபயரில் தோற்ற பையனையோ கூட்டாளிகள் 'நூப்' என்று கேலி செய்கிறார்கள். அவனும் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று நம்பிவிடுகிறான். இரண்டு தீர்ப்புமே பிழை. சித்தியின் போன் நியாயமாக நடந்துகொண்டிருக்கலாம். பையனின் தோல்வியில் மலைக்கும் மரத்துக்கும் பங்கு உண்டு.

முதலில் சித்தியின் கணக்கு. லூடோவில் காயை வெளியே இறக்க ஆறு விழ வேண்டும். ஒரு உருட்டலில் ஆறு விழாமல் போகும் வாய்ப்பு ஆறில் ஐந்து. பத்து உருட்டலிலும் விழாமல் போக, அந்த ஐந்தின் கீழ் ஆறைப் பத்துத் தரம் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 16 வீதம். இது ஒருவருக்கு. நான்கு பேர் ஆடும்போது, அவர்களில் ஒருவராவது முதல் பத்து உருட்டலில் ஆறைக் காணாமல் தவிக்கும் வாய்ப்பு 50 வீதத்தைத் தாண்டுகிறது. நேர்மையான கட்டையிலேயே பாதி ஆட்டங்களில் யாரோ ஒருவர் சித்தியைப் போலப் புலம்பத்தான் வேண்டும். புலம்பாதவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். புலம்பியவர் அதை மறப்பதில்லை.

போனுக்குள் கட்டை ஏதும் உருளுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வைத்துப் பெருக்கியும் மாற்றியும் அடுத்தடுத்த எண்களை உருவாக்குகிறார்கள். பார்ப்பவரால் ஒழுங்கு எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானியக் கணிதவியலாளர்கள் மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1997இல் உருவாக்கிய 'மெர்சென் ட்விஸ்டர்' என்ற முறை, இரண்டை 19,937 தரம் பெருக்கி வரும் எண்ணுக்கு ஒன்று குறைவான தொலைவு வரை போன பிறகுதான் முதலிலிருந்து திரும்பும். ஓர் ஆயுள் முழுக்க லூடோ ஆடினாலும் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது.

லூடோவுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. ஒருவர் முறை முடிந்து மற்றவர் முறை வருவதால், சிக்னல் இரண்டு செக்கன் சுணங்கினாலும் யாருக்கும் நட்டமில்லை. கொழும்பில் இருப்பவரும் தோட்டத்தில் இருப்பவரும் அந்தப் பலகையில் சமம்.

ஃபிரீ ஃபயர் அப்படியல்ல. 2017இல் சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஐம்பது பேர் பரசூட்டில் ஒரு தீவில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். விலை குறைந்த போனிலும் ஓடும்படி ஆக்கப்பட்டதுதான் தோட்டத்துக்குள் அது வேகமாக நுழைந்ததற்குக் காரணம். போன் ஏழையாக இருந்தாலும் விளையாடலாம். ஆனால் சிக்னல் ஏழையாக இருந்தால் வெல்வது கடினம்.

திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைப் 'பிங்' என்பார்கள். நம் போனிலிருந்து ஒரு செய்தி ஆட்டத்தை நடத்தும் சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் அது. மில்லிசெக்கனில், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கிறார்கள். பச்சையாக இருந்தால் நல்லது. சிவப்பானால் ஆட்டம் போச்சு.

சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. போய்வர 27 மில்லிசெக்கன். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த இழையில் இதைவிடக் குறைக்க முடியாது. இயற்கை போட்ட எல்லை அது. உண்மையில் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. சிங்கப்பூரையும் பிரான்ஸையும் இணைக்கும் 20,000 கிலோமீற்றர் நீளமான சீ-மீ-வீ 5 கடலடிக் கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு இயந்திரமும் தன் பங்குக்குக் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொள்ளும். இதுவரை நாட்டிலுள்ள எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே கதைதான்.

கடைசிச் சில கிலோமீற்றரில்தான் கதை மாறுகிறது. கரவனெல்ல, அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ 7 வீதியில் இருக்கிறது. வீதியோரத்தில் சிக்னலுக்குக் குறைவில்லை. மலைமடிப்புக்குள், இறப்பர் மரங்களுக்குக் கீழே இருக்கும் லயத்துக்குப் போனால் கதை வேறு.

4ஜி சேவைக்குப் பரவலாகப் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 17 சென்றிமீற்றர். 900 மெகாஹேர்ட்ஸ் அலை அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். நீளமான அலை மலைவிளிம்பில் ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். குட்டையான அலை அவ்வளவு வளையாது, மேட்டுக்குப் பின்னால் நிழல் விழும். பிறகு மரம். இலை என்பது பெரும்பகுதி நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சும், இலையும் கொப்பும் சிதறடிக்கும். மழை நீர் படிந்த இலை இன்னும் மோசம். மழைத்துளி தன்னளவில் இந்த அலைகளை அதிகம் தடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் ஒரு சிக்னல் கோபுரத்துக்கும் மற்றதற்கும் இடையே நுண்ணலையில் தொடர்பு இருந்தால், அடைமழை அதைப் பாதிக்கும். கடைசியாகத் தகரக் கூரை. வந்து சேர்ந்த கொஞ்ச அலையையும் உலோகம் திருப்பி அனுப்பிவிடும். பையன்கள் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு ஆடுவதற்குக் காரணம் வீட்டிலே ஏச்சு விழும் என்ற பயம் மட்டுமல்ல.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இறப்பர் மரம் வருடத்துக்கு ஒருமுறை இலையை முழுக்க உதிர்க்கும். நம் பக்கத்தில் தை, மாசியில் தோட்டம் மொட்டையாக நிற்கும். இலையில்லாத மரம் இலையுள்ள மரத்தைவிட அலையைக் குறைவாகவே தடுக்கும் என்பது வானொலிப் பொறியியலில் பழைய பாடம். ஆகவே மரங்களுக்கு நடுவே இருக்கும் லயத்தில் தை மாதத்துப் பிங்கையும், இலை அடர்ந்து மழையும் சேர்ந்த ஆனி மாதத்துப் பிங்கையும் ஒரு பாடசாலைப் பிள்ளை எழுதி ஒப்பிட்டால், அது நல்ல விஞ்ஞானச் செயற்றிட்டம். எந்தச் செலவும் இல்லை.

சிக்னல் நலிந்தால் ஏன் பிங் கூடுகிறது? கோபுரத்துக்கும் போனுக்கும் இடையே சிதைந்துபோன துண்டை 4ஜி மீண்டும் அனுப்பச் சொல்கிறது. ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஏறத்தாழ 8 மில்லிசெக்கன். அதோடு இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒரே கோபுரத்தை நூற்றுக்கணக்கானோர் பகிர்வதால் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும்.

இதை ஒரு மோதலில் வைத்துப் பார்ப்போம். எதிரி மூலையிலிருந்து வெளியே வருகிறான். கண் பார்த்து விரல் அழுத்த மனிதருக்கு 200 முதல் 250 மில்லிசெக்கன் ஆகும். இதில் தோட்டத்துப் பையனுக்கும் கொழும்புப் பையனுக்கும் வித்தியாசமில்லை. இருவருக்கும் 220 என்று கொள்வோம். ஒருவனுக்குப் பிங் 40, மற்றவனுக்கு 160. முதலாமவனின் சூடு சேர்வருக்குப் பதிவாக 260, இரண்டாமவனுக்கு 380. வித்தியாசம் 120 மில்லிசெக்கன். செக்கனுக்கு அறுபது படம் ஓடும் திரையில் ஏழு படங்கள். அந்த ஏழு படத்துக்குள் ஆள் செத்துவிடுவான். இதற்குத் திறமைக் குறைவு என்று பெயர் வைப்பது அநியாயம்.

பொறியியலாளர்கள் இதற்கு மருந்து தேடாமல் இல்லை. 1996இல் வந்த குவேக்வேர்ல்ட் ஆட்டத்தில் ஜோன் கார்மக், சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் போகப்போகும் இடத்தைக் கணினியே ஊகித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர், சுட்டவன் திரையில் என்ன கண்டானோ அந்தக் கணத்துக்குச் சேர்வர் பின்னோக்கிப் போய்த் தீர்ப்புச் சொல்லும் முறையை 2001இல் விளக்கி எழுதினார். இவை பெரிய உதவிதான். ஆனால் பின்னோக்கிப் போவதால் இன்னொரு துன்பம் வருகிறது: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சூடு படும். சுட்டவன் திரையில் நீங்கள் இன்னும் ஒளியவில்லை.

பெற்றோரின் கவலையும் எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதை 2022 தையில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், படிப்பும் தூக்கமும் உறவும் கெட்டு, பொதுவாக ஓராண்டு அப்படியே தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். மறுபுறம், ஷோன் கிரீனும் டாப்னே பவலியேயும் 2003இல் நேச்சர் இதழில், வேகமான அதிரடி ஆட்டங்கள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குவதாகக் காட்டினார்கள். நேரத்துக்கு எல்லை வையுங்கள். ஆட்டத்துக்குள் 'டயமண்ட்' வாங்க ரீலோட் காசு போகாமல் பாருங்கள். ஆட்டத்தையே குற்றமாக்க வேண்டாம்.

பிங் சிவப்பாக இருக்கும் பையன் செய்யக்கூடியவை சில உண்டு. தகரத்துக்குக் கீழிருந்து, கோபுரம் இருக்கும் பக்கம் வெளியே வரலாம். பின்னணியில் இறங்கும் அப்டேட்களை நிறுத்தலாம். சார்ஜில் போட்டபடி ஆடினால் சூடேறிய போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதைத் தவிர்க்கலாம். இவையெல்லாம் சிறிதளவே உதவும். மலையை நகர்த்த முடியாது, கோபுரத்தைத்தான் நட வேண்டும்.

இது வெறும் விளையாட்டுச் சங்கதி அல்ல. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழியே மலையுச்சிக்கு நடந்தார்கள். ஆட்டத்தில் நம் பிள்ளையைக் கொன்ற அதே சிக்னல்தான் பாடத்தையும் தின்றது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழு கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தை நம் சப்ரகமுவவின் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்துதான் தொடங்கியது. சரி, மெத்தச் சந்தோஷம். இனி சிக்னலை ஏ 7 வீதியில் வாகனத்தில் போய் அளந்தால் போதாது. லயத்து அறைக்குள், இரவு எட்டு மணிக்கு, இலை அடர்ந்த மாதத்தில் அளக்க வேண்டும். வேகத்தோடு பிங்கையும் அளக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளே, அந்த மூலை எண்ணைத் திகதியோடு எழுதி வையுங்கள். முறைப்பாடு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.