எஞ்சிய பொருளும் காத்த கையும்

மறைந்த பெற்றோரை அவர் விட்டுச்சென்ற பொருள்களின் வாயிலாக அறிய முற்படுதல் மக்கள் எல்லார்க்கும் பொதுவான செயல். இலக்கிய வரலாறு எழுதுவோர்க்கோ அஃது இன்றியமையாத நெறியும் ஆகும். அப்பொருள்களைச் சான்றாகக் கொள்ளுங்கால் நினைவிற்கொள்ளத்தக்கது ஒன்றை, புலவருலகம் நன்கறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகளாலும், எம் இல்லத்து நிகழ்ந்த ஒன்றாலும் ஈண்டு விளக்க விழைகின்றோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் மறைந்தார். 'என் சரித்திரம்' என்னும் பெயரால் அவர் ஆனந்த விகடனில் எழுதிவந்த தன்வரலாறு முற்றுப்பெறவில்லை. ஏறத்தாழப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் அது நின்றுவிடுகின்றது. அதனை அவர் மகனார் கலியாணசுந்தர ஐயர் 1950-இல் நூலாக வெளியிட்டார். ஐயர் தொகுத்த ஏடுகளும் நூல்களும் கடிதங்களும் 1943-இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தின் செல்வமாயின. இன்று அந்நூல்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் உள்ளது. அவருக்கு வந்த கடிதங்களுள் 1877 முதல் 1900 வரையுள்ளவற்றின் தொகுதி, ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் பதிப்பாக 2018-இல் வெளிவந்தது.

ஐயர் இல்லத்துத் தங்கியவை பிறர் அவருக்கு எழுதியவை. அவர் பிறர்க்கு விடுத்தவை அவ்வவர் இல்லங்களுக்குச் சென்றுவிட்டன. ஆகவே அத்தொகுதியில் நாம் நேரே கேட்பது அவர்க்கு எழுதினோர் குரல்களையே. ஐயர் குரலை, விடை கொண்டு வினாவை உணர்வார்போல, உய்த்துணர்தல் வேண்டும்.

இதற்கு மறுதலையாய் அமைவது புதுமைப்பித்தன் கடிதங்கள். அவர் 1948-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தபொழுது அவர் மகள் சிறு குழந்தை. தந்தையாரைத் தம் நினைவால் அறிதற்கு இயலாத பருவம் அது. அவர் சென்னையிலிருந்து தம் மனைவியார் கமலா விருத்தாசலத்திற்கு எழுதிய கடிதங்களை அவ்வம்மையார் போற்றி வைத்திருந்தார். பிற்காலத்தில் அவை 'கண்மணி கமலாவுக்கு' என்னும் தொகுப்பாயின. கதைகளில் எள்ளலும் கடுமையும் மிக்குத் தோன்றும் அவ்வாசிரியர், வறுமையும் பரிவும் கலந்த கணவராக அங்கே காணப்படுகின்றார். விடுத்தார் குரல் நமக்குக் கிடைத்தமை, பெற்றார் காத்தமையால் என்க.

இவ்விரண்டினாலும் ஓர் உண்மை பெறப்படும். எஞ்சிய பொருள் யாருடையது என்று வினவுதல் போலவே, அதனை எஞ்சச் செய்தவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். இதனை மாணாக்கர்க்குப் பல்லாண்டுகள் கற்பித்துவந்த யாம், எம் வீட்டில் அதனை மறந்தோம்.

சென்னைக் கே.கே. நகரில் எம் பெற்றோர் வாழ்ந்த வீட்டை, அடுக்ககம் எழுப்புதற்பொருட்டு ஒழிக்க நேர்ந்தது. எம் தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகளும், தாயார் மறைந்து ஓராண்டும் ஆகியிருந்தன. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் தந்தையாரின் மூக்குக்கண்ணாடி, பழைய குடும்ப அட்டை, ஊற்றுப்பேனா ஆகியவற்றோடு, புடைவைக் கரையிலிருந்து கிழித்த துணிநாடாவால் கட்டிய சீட்டுக் கட்டு ஒன்றும் இருந்தது. அவை மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள். 1979 முதல் 1994 வரை 171 சீட்டுகள். பணம் பெற்றவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கைம்பெண்ணாய் வாழ்ந்த எம் அத்தையார். ஒவ்வொன்றிலும் அவர்தம் கைந்நாட்டு இருந்தது.

தந்தையார் தம் தமக்கையைக் காணச் சென்றதை யாம் அறியோம். வீட்டில் அவர் பேச்சே எழுவதில்லை. உடன்பிறந்தாளைக் கைவிட்டவர் என்று இளமையில் யாம் அவரைப்பற்றி எண்ணினோம். ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. சீட்டுகளைக் கண்டதும், அவர்க்கு இழைத்த பிழையை உணர்ந்து நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

ஆயினும் அம்முடிபும் நிலைபெறவில்லை. 1880 முதல் வழங்கி 2015-இல் கைவிடப்பெற்ற அந்தப் பழைய மணியார்டர் படிவத்தின் அமைப்பை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அனுப்புவோர் செய்தி எழுதும் பகுதி பணம் பெறுவோரிடமே தங்கிவிடும். பெற்றவர் ஒப்பமோ கைந்நாட்டோ இட்ட ஒப்புகைப் பகுதி அனுப்பியவரிடம் மீளும். அது மீள்வதற்குரிய முகவரியை அனுப்புவோரே எழுதுதல் வேண்டும். அம்முகவரியை இரண்டாம் முறை நோக்கியபொழுது, பெயர் தந்தையாருடையதாகவும் எழுத்துத் தாயாருடையதாகவும் இருக்கக் கண்டோம். 171 சீட்டுகளிலும் அவ்வாறே.

ஏட்டுச்சுவடியில் நூலாசிரியர் பெயர் ஒன்றாகவும், ஏடெழுதினார் கை வேறாகவும் இருத்தலை நாம் நன்கறிவோம். பெயர் கொண்டு கையை மறத்தல் பதிப்பாசிரியர்க்கு ஆகாது. கணவர் பணிக்க மனைவி எழுதினாரா? கணவர் மனம் மாறாதிருக்க, மனைவி தாமே அவர் பெயரால் விடுத்தாரா? இருவரும் ஒருமனப்பட்டுப் பிள்ளைகள் அறியாமற் செய்தனரா? மூன்றும் பொருந்துவனவே. விடை கூறுதற்குரிய செய்திப் பகுதிகள் அத்தையாரின் ஊருக்குச் சென்றன. அத்தையாரும் இன்று இல்லை. தந்தையார்க்குப்பின் ஐந்து ஆண்டுகள் தாயார் எம்முடன் இருந்தார். அப்பெட்டியை அப்பொழுதே திறந்து வினவியிருப்பின் ஒரு சொல்லில் விளங்கியிருக்கும்.

மற்றொரு பிழையும் எம்முடையதே. கண்ட விரைவில் நாடாவை அவிழ்த்துச் சீட்டுகளை ஆண்டுமுறையில் அடுக்கினோம். அவை முன்னர் வேறொரு முறையில் வைக்கப்பெற்றிருந்தன என்பது மட்டும் நினைவிலுள்ளது. அம்முறை யாது என்பது இல்லை. காத்தவர் கருத்தை உணர்த்தியிருக்கக்கூடிய சான்று எம் கையாலேயே அழிந்தது.

ஆதலின் இத்தகைய பொருள்களை ஆராயப் புகுவோர் மூன்றனைக் கடைப்பிடித்தல் நன்று. கட்டை அவிழ்க்குமுன் அதன் இருப்புமுறையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெயரை நோக்கும் முன்னர்க் கையெழுத்தை நோக்கல் வேண்டும். காத்தவர் உயிரோடிருப்பின், எல்லாவற்றிற்கும் முன்னர் அவரை வினவல் வேண்டும்.

தந்தையாரை அறிதற்குத் திறந்த பெட்டியில் யாம் தாயாரைக் கண்டோம். அவர் விரல் பதிந்த நாடாவை இப்பொழுது அவிழ்த்தபடியே வைத்திருக்கின்றோம். மீண்டும் கட்டுதற்குரிய முறை எமக்குத் தெரியாது.