இசைப் பணிக்கு ஏற்ற மடிக்கணினி

மாடு வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். மிருதங்கம் வாங்கச் செல்பவர் பலாக்கட்டையைத் தட்டிப் பார்ப்பர். மடிக்கணினி வாங்கச் செல்லும் நாமோ, அதன் மினுக்கையும் மெல்லிய உடலையும் கண்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றோம்.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர், தம் பாட்டனார் பாடிய தேவாரப் பண்களைத் தமது மடிக்கணினியிற் பதிந்து வைத்திருந்தார். பாட்டனார் சிவபதமடைந்த சில மாதங்களில் அக்கணினியும் செயலிழந்தது. சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருந்தமையால், அதனைக் கழற்றி வேறொன்றிற் பொருத்த வழியில்லாது போயிற்று. அம்முதியவரின் குரல் மீளவேயில்லை. இத்தகைய இழப்புப் பிறர்க்கும் நேராதிருத்தல் வேண்டுமென்றே இதனை எழுதலானேன்.

எவ்வளவு வலிமை வேண்டும்?

செக்கனுக்கு 48,000 மாதிரிகள் வீதம் 24 பிட் அளவிற் பதியப்படும் ஒரு தடம், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 518 மெகாபைற் இடத்தைக் கொள்ளும். பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா என எட்டுத் தடங்களிற் பதியும் ஒரு மணித்தியாலக் கச்சேரி 4 கிகாபைற்றைக் கடந்துவிடும். எனவே, 16 கிகாபைற் நினைவகமும் 512 கிகாபைற் திண்மநிலைச் சேமிப்பகமும் பெரும்பாலார்க்குப் போதியனவாம். சுழலும் தட்டு இல்லாமையால் திண்மநிலைச் சேமிப்பகம் அதிர்ச்சியையும் நன்கு தாங்கும்.

அடுத்தது காலத் தாமதம். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகவே கையாளும். தொகுதிக்கு 256 மாதிரிகளாயின் தாமதம் 5.3 மில்லிசெக்கன், அந்நேரத்திற் காற்றில் ஒலி ஆறடி தூரமே செல்லும். 1,024 மாதிரிகளாயின் தாமதம் 21 மில்லிசெக்கனாகும். ஒலி உள்ளே வரவும் வெளியே செல்லவும் இத்தாமதம் இருமுறை நேர்வதால், செவிப்பொறி அணிந்து வாசிப்பவருக்குத் தாளம் தடுமாறும். வேகம் குன்றிய கணினியிலோ தொகுதியைச் சிறிதாக்கினால் ஒலியில் வெடிப்புகள் தோன்றும்.

நீடித்து உழைக்குமா?

கணினியின் முதற்பகை வெப்பம். சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2020இல் வெளிவந்த எம்1 மக்புக் எயார் போன்று விசிறியற்றவை, ஒலிவாங்கியருகே ஓசையின்றி இயங்குவன. ஆயினும் நெடுநேரம் சுமை ஏற்றினால் வேகம் தணியும். விசிறியுள்ளதாயின், அடிமூடியைக் கழற்றித் தூசி துடைக்க இயல வேண்டும். கடற்காற்றும் புழுதியும் மிகுந்த நமது ஊர்களில் இது மிக அவசியம்.

கடையில் திரையைப் பன்முறை திறந்து மூடிப் பாருங்கள், கீல் தளர்ந்திருத்தலாகாது. செருகுவாய்கள் ஆடுகின்றனவா என்று நோக்குங்கள். நினைவகம், சேமிப்பகம், மின்கலம் ஆகியவற்றை மாற்ற இயலுமா என்றும், உதிரிப்பாகங்கள் இலங்கையிற் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இராணுவத் தரச் சோதனையிற் தேறியது என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எந்தெந்தச் சோதனைகளைச் செய்வதென்பதை உற்பத்தியாளரே தெரிந்தெடுப்பதுண்டு.

அலுவலகப் பயன்பாட்டுக்கென ஆக்கப்பட்ட திங்க்பாட், லற்றிரியூட் போன்றவற்றிற் பழையன வாங்குவதும் தவறன்று. ஆனால், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்குமா எனத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

வாங்குமுன் சிறிது ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். இரைச்சல் கேட்டு, மின்னிணைப்பைக் கழற்றியதும் அது மறையுமாயின், மின்னேற்றியிலோ புவித்தொடுப்பிலோ குறையிருத்தல் கூடும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு நல்ல மின்கலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. எத்துணை உறுதியான கணினியும் ஒருநாள் ஓயும். ஆதலின், ஒவ்வொரு பதிவையும் வேறிரு வன்தட்டுகளிற் பிரதி செய்து, அவற்றில் ஒன்றை உறவினர் வீட்டில் வைத்திருங்கள். என் மாணவர் இன்று அவ்வாறே செய்கின்றார். ஆயினும், பாட்டனாரை மீண்டும் பாடச்சொல்லிக் கேட்க அவரால் இயலுமா?