திறந்த தொகுதியில் இலத்திரன்கள்

காபன் அணுவொன்றில் 6 இலத்திரன்கள் உள. சத்திச்சொட்டுப் பொறிமுறைப்படி அவற்றின் நிலையை முற்றாக எழுதுவதற்கு, இலத்திரன் ஒன்றுக்கு 3 ஆக 18 ஆள்கூறுகள் வேண்டும். ஒவ்வோர் ஆள்கூற்றையும் 10 புள்ளிகளால் மட்டும் குறித்தாலும், எழுதவேண்டிய எண்களின் தொகை 1 இன் பின் 18 சுழிகளையுடையதாகும். பென்சீன் மூலக்கூற்றின் 42 இலத்திரன்களுக்கோ சுழிகள் 126. எந்தக் கணிப்பொறியிலும் இது அடங்காது.

1964ஆம் ஆண்டில், வியன்னாவிற் பிறந்த வால்ட்டர் கோன் என்பாரும் பியெர் ஹோகன்பேர்க்கும் இதற்கொரு வழி கண்டனர். இலத்திரன்கள் எவ்விடத்தில் எவ்வளவு செறிந்துள்ளன என்பதைக் காட்டும் அடர்த்தியை அறிந்தாற் போதும். மிகத் தாழ்ந்த சத்தி நிலையிலுள்ள தொகுதியின் இயல்புகள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன என அவர்கள் நிறுவினர். அடர்த்திக்கு ஆள்கூறுகள் 3 மட்டுமே. முன்கூறிய கணக்கின்படி 1000 எண்கள் அமையும். மறு ஆண்டு கோனும் சாமும் இதனைக் கணிக்கும் முறையை வகுத்தனர். பௌதிகவியலாளரான கோனுக்கு 1998இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அம்முறையால் மிகுந்த பயன் பெற்றோர் இரசாயனவியலாளரே.

ஆயினும் அத்தேற்றம் மூடிய பெட்டியைப் பற்றியது. 1965இல் மெர்மின், சூழலோடு வெப்பத்தையும் இலத்திரன்களையும் பரிமாறிச் சமநிலையிலிருக்கும் தொகுதிக்கு அதனை விரித்தார். 1984இல் ரங்கேயும் குரோசும் காலத்தோடு மாறும் தொகுதிக்கு விரித்தனர். சமநிலையிலும் இல்லாது, மூடியும் இராது, இலத்திரன்கள் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும் தொகுதி எஞ்சி நின்றது. இரு பொன் மின்வாய்களிடையே மாட்டப்பட்ட ஒற்றை மூலக்கூறு அத்தகையது.

இங்குள்ள இடர்ப்பாட்டைக் குளமொன்றைக் கொண்டு விளக்கலாம். வாய்க்காலால் வரும் நீரும் மதகால் வெளியேறும் நீரும் ஒத்திருப்பின், நீர்மட்டம் அசையாது. மட்டத்தை மட்டும் பார்ப்பவன், ஓடுவது எவ்வளவு என அறியான். இலத்திரன் அடர்த்தியும் அவ்வாறே. மின்னோட்டம் சீராகப் பாயும்போது அது மாறாது நிற்கும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 1997இல் ரீட் என்பாரும் அவர் கூட்டத்தினரும் பென்சீன் வளையமுள்ள மூலக்கூறொன்றினூடாக மின்னோட்டத்தை அளந்தனர். 2000இல் வெளிவந்த கணிப்பு, அளந்ததிலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட ஓட்டத்தைக் காட்டிற்று. மூலக்கூறு பொன்னோடு எவ்வாறு பொருந்தியது என்பது தெளிவாகாமை ஒரு காரணமாகலாம். சூத்திரங்களின் குறை மற்றொன்று. திறந்த மூலக்கூற்றில் இலத்திரன்கள் வந்துபோவதால், சராசரியில் அவற்றின் தொகை பின்னமாகும். தொகை முழு எண்ணைக் கடக்குமிடத்து, இலத்திரன் உணரும் அழுத்தம் திடீரெனத் தாவவேண்டும் என்பதைப் பேர்டியூவும் கூட்டாளிகளும் 1982இலேயே காட்டினர். வழக்கிலுள்ள எளிய அண்ணளவுச் சூத்திரங்களோ அத்தாவலை மழுங்கடித்துவிடுகின்றன.

2005 முதல் இத்துறை புதுவழி நாடியது. பேர்க், கார், கெபாவர் ஆகியோர் சூழலுக்கு வெப்பம் இழக்கப்படுவதைச் சமன்பாட்டிலேயே சேர்த்தனர். 2007இல் டி வென்ராவும் டகொஸ்தாவும் அடர்த்தியை விடுத்து ஓட்ட அடர்த்தியையே அடிப்படையாக்கினர். குளத்தின் மட்டத்தை விட்டு வாய்க்காலை அளப்பது போன்றது அது. 2010இலோ, திறந்த தொகுதியின் அடர்த்தியை மூடிய கற்பனைத் தொகுதியொன்றாலும் பெறலாம் என வேறொரு குழுவினர் வாதிட்டனர். அவ்வாறாயின் சூழலின் செல்வாக்கு முழுவதையும் ஒரு சூத்திரமே சுமக்கவேண்டும். சூழல் முன்னர் நிகழ்ந்ததை நினைவிற் கொண்டிருப்பதால், அச்சூத்திரமும் இந்நொடியின் அடர்த்தியோடு கடந்த நொடிகளின் அடர்த்தியையும் கணக்கிற் கொள்ளவேண்டியிருக்கிறது.