மரம் அவன் தோட்டத்தில். கோடரி யார் கையில்?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலூர்பட்டிப் பக்கம் போனால் படகுத்துறை தெரியும். சமவெளியில் வெயில் வாட்டுகிறது என்று காற்று வாங்க வந்தவர்கள் அங்கே படகு விடுகிறார்கள். விடட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? நாம் மலை ஏறியது காற்று வாங்க அல்ல, கதை கேட்க.

கதை சொன்னவர் ஒரு பெரியவர். மலையாளிப் பழங்குடி மக்களில் ஒருவர். ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம். ஒரு காலத்தில் அதில் சாமையும் தினையும் விளைந்தன. பிறகு மரவள்ளி வந்தது. அதன்பின் காப்பியும் மிளகும் வந்தன. மிளகுக் கொடி ஏறுவதற்கு மரம் வேண்டுமே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னே தன் கையாலேயே சில்வர் ஓக் கன்றுகளை நட்டார். இன்று அவை ஓங்கி வளர்ந்து நிற்கின்றன.

பேரன் நாமக்கல்லிலே தொழிற்கல்வி படிக்கிறான். கட்டணம் கட்ட வேண்டும். எட்டு மரத்தை விற்றால் கட்டணம் ஆகும், விடுதிச் சோற்றுக்கும் மிஞ்சும். பெரியவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

ஆனால், மலையிலே மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். இந்த அலுவலகம் இல்லை, அந்த அலுவலகம் என்றார்கள். அங்கே போனார். அடங்கல் வேண்டும், வரைபடம் வேண்டும், மரத்துக்கு எண் போட வேண்டும் என்றார்கள். மூன்று முறை மலை இறங்கினார். மூன்று நாள் கூலி போயிற்று, பஸ் செலவும் போயிற்று. கையிலே வந்தது என்ன? மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

நான்காம் முறை அவர் இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையும் இல்லாமல், வீட்டு வாசலுக்கே ஓர் ஆள் வந்து சேர்ந்தான். மரத் தரகன்! "பெரியவரே, இந்தப் பேப்பர் வேலையெல்லாம் உமக்கு எதற்கு? எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடும்" என்றான். சந்தை விலையில் பாதிகூட வராத ஒரு தொகையையும் சொன்னான்.

பெரியவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, நிலம் என்னுது. மரம் நான் நட்டது. என் மரத்தை வெட்ட எனக்கு வழி இல்லை, எவனோ ஒருத்தனுக்கு மட்டும் வழி இருக்குதே, இது என்ன நியாயம்?"

தோழர்களே, இந்தக் கேள்விக்குள் கேள்வி இரண்டு இருக்கிறது. தன் நிலத்து மரத்தை வெட்ட ஒருவன் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்பது ஒன்று. அந்த அனுமதி ஏழைக்கு எட்டாமல் தரகனுக்கு மட்டும் ஏன் எட்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். குழப்பத்தில் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது. நாம் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு விடை காண வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1940-களின் பிற்பாதி. ஜமீன்தாரி முறைக்குச் சாவுமணி அடித்துவிட்டது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் ஜமீன்தார்கள் என்ன செய்தார்கள்? போகிற நிலத்தில் நிற்கிற மரத்தையாவது காசாக்கிக்கொள்வோம் என்று காடுகளைக் கண்ட்ராக்டர்களுக்குத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் சென்னை ராஜ்யத்தில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-ல் வந்தது. கலெக்டரின் அனுமதி இல்லாமல் காட்டை விற்கவோ வெட்டவோ கூடாது என்றது அந்தச் சட்டம்.

அடுத்து 1955-ல் மலைப் பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், சொந்த நிலமே ஆனாலும், மாவட்டக் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட குழுவின் எழுத்து மூலமான அனுமதி இன்றி மரத்தை வெட்டவோ, வேரோடு பிடுங்கவோ, எரிக்கவோ கூடாது என்பது அதன் சாரம். விலைமரம் வண்டியேறி ஊர் தாண்டுவதற்கென்று 1968-ல் தனி விதிகள் வந்தன. ஈட்டி மரத்துக்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இவை வேண்டாத சட்டங்களா? அல்ல! மலைச் சரிவில் ஒரு மரம் நிற்கிறது என்றால் அது நிழலுக்காக மட்டும் நிற்கவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மழை நீரை நிறுத்தி, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறுதான் ஆகாய கங்கையாய் விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ப் பக்கம் இறங்கிக் காவிரியைத் தேடிப் போகிறது. மேலே மலை மொட்டையானால் கீழே வயல் வறளும். வயல் வறண்டால் விவசாயக் கூலிக்கு வேலை ஏது? ஆகவே மேலே நிற்கிற மரத்தில் கீழே இருக்கிற உழைப்பாளிக்கும் பங்கு உண்டு. சொந்த மரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

நாம் மட்டுமா? கடலுக்கு அப்பால் இலங்கையிலே 1951-ல் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட்டு, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றார்கள். ஏன் அந்த மூன்று? பஞ்ச காலத்தில் ஏழையின் வயிற்றை நிரப்புகிற மரங்கள் அவை! நம் தமிழ்நாட்டிலும் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். நல்லதுதான்.

சரி, இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஜமீன்தாரின் கையைக் கட்ட முறுக்கிய கயிறு இன்று யார் கழுத்திலே கிடக்கிறது? ஒன்றரை ஏக்கர்காரன் கழுத்திலே! நூறு ஏக்கர் எஸ்டேட்காரனுக்குக் குமாஸ்தா இருக்கிறான், வக்கீல் இருக்கிறான், ஜீப் இருக்கிறது. எட்டு மரத்துக்காரனுக்கு என்ன இருக்கிறது? இரண்டு கால்தான் இருக்கிறது. விதி இருவருக்கும் ஒன்று என்கிறார்கள். எழுபது வளைவு இறங்கிப் போய்க் கேட்க வேண்டிய நீதி இருவருக்கும் எப்படி ஒன்றாகும்?

"அப்படியானால் விதியையே தூக்கி எறிந்துவிடுவோம், ஏழைக்கு விடுதலை கிடைக்கும்" என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். அவர்கள் நம் பக்கத்து வீடான கேரளத்தைப் பார்க்கட்டும்.

2020 அக்டோபரில் அந்த மாநிலத்தின் வருவாய்த் துறை ஓர் உத்தரவு போட்டது. சர்க்கார் ஒப்படைத்த பட்டா நிலத்தில், சந்தனம் தவிர, நட்ட மரத்தையும் தானாக வளர்ந்த மரத்தையும் உடைமையாளர் வெட்டலாம் என்றது உத்தரவு. விவசாயிக்குச் சலுகை என்றுதான் சொன்னார்கள். நடந்தது என்ன? வயநாட்டில், முட்டில் என்ற ஊரில், நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி மரங்கள் சாய்ந்தன. நூற்றாண்டுகள் வயதுடைய மரங்களும் அவற்றில் உண்டு. 2021 பிப்ரவரியில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். உத்தரவு திரும்பியது, மரம் திரும்புமா?

மரம் யாருடையது? ஆதிவாசிகளும் சிறு விவசாயிகளும்தான் உடைமையாளர்கள். அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது என்று அவர்களிடம் சொல்லி, லட்சக்கணக்கில் விலை போகும் மரத்தைச் சொற்பக் காசுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் பேரால் கொடுக்கப்பட்ட மனுக்கள் அவர்கள் எழுதியவையே அல்ல என்று பின்னர் புலன்விசாரணையில் வெளிவந்தது. மரமும் போயிற்று, பணமும் வரவில்லை. வழக்கு என்று வந்தபோது மரம் கொடுத்தவன் பெயரும் அதிலே இருந்தது!

வேலியை எடுத்தால் உள்ளே நுழைவது ஏழை அல்ல, தோழர்களே, லாரிதான்! விதி கடினமாக இருந்தால் தரகன் பிழைக்கிறான். விதியே இல்லாவிட்டால் தரகன் கொழுக்கிறான். இரண்டு வழியிலும் இழப்பவன் ஒருவனே.

மரத்தின் உடைமையாளன் கதை இது. மரத்தை வெட்டுகிறவன் கதை இன்னும் கொடிது. கோடரி பிடிக்கிறவன் கூலிக்காரன். கட்டை சுமக்கிறவன் கூலிக்காரன். பிடிபடும்போது லாரியில் இருப்பவன் டிரைவரும் கிளீனரும். முதல் போட்டவன் எங்கே இருப்பான்? வீட்டிலே இருப்பான்! 2015 ஏப்ரல் 7-ஆம் நாளை நாம் மறந்துவிட முடியுமா? ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மலைவாழ் மக்கள் பலர் அந்த இருபதில் இருந்தனர். அது சர்க்கார் காடு, தனியார் தோட்டம் அல்ல, வழக்கும் வேறு. ஆனால் மரத்தின் லாபம் ஒரு கைக்கும், மரத்தின் பழி வேறொரு கைக்கும் போய்ச் சேருகிறது என்பதை அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆகவே விதி வேண்டும். அது ஏழையின் வாசலுக்கு வரும் விதியாக இருக்க வேண்டும். முடியாத காரியமா இது? பம்பாய்க்காரர்களைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975-ல் வந்தது. வெட்டப்போகும் மரத்தின்மேலேயே அறிவிப்பை ஒட்ட வேண்டும், பத்திரிகையிலும் வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. ஆட்சேபம் உள்ளவன் சொல்லலாம். ஊருக்குத் தெரியாமல் ஒரு மரம் சாயக்கூடாது என்பது அதன் நோக்கம். டில்லியில் 1994-ல் போட்ட சட்டம், மனுவுக்கு அறுபது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அதிகாரிக்கே கெடு வைத்தது. மாநகரத்து மாடி வீட்டுக்காரனுக்குக் கிடைக்கிற நாள் கணக்கு கொல்லிமலைக் குடிசைக்காரனுக்கும் கிடைக்கட்டுமே!

நாம் கேட்பது இவ்வளவுதான். மனுக் கொடுத்த அன்றே தேதியிட்ட ரசீது. இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்திலே, தமிழிலே பதில். மனுதாரன் மலை இறங்காமல், அதிகாரி மலை ஏறி வந்து குறிப்பிட்ட நாளில் செம்மேட்டிலோ வாசலூர்பட்டியிலோ நடத்தும் முகாம். வெட்ட அனுமதித்த மரத்தின்மேல் ஊரார் படிக்கும்படி ஓர் அறிவிப்பு. மனுதாரனின் பெயரிலேயே பணம் பட்டுவாடா.

இன்னும் ஒன்று. உழவன் நட்டு வளர்த்த மரம் வேறு. மலை தானே வளர்த்த மரம் வேறு. பேரன் படிப்புக்கென்று நட்ட சில்வர் ஓக்கையும், பாட்டன் பிறப்பதற்கு முன்பே நின்ற ஈட்டியையும் ஒரே தராசில் வைப்பது அறிவுடைமை ஆகாது. மலையின் மரத்தை இறுக்கிக் காப்பாற்றுங்கள். நட்டவன் மரத்துக்கு, வெட்டிய ஒன்றுக்கு இரண்டு நட வேண்டும் என்று நிபந்தனை போட்டு, விரைவாக வழி விடுங்கள். வெட்ட முடியாத மரத்தை எவன் நடுவான்? நடுகிறவனைத் தண்டிக்கிற விதி கடைசியில் மரத்துக்கே பகையாகிவிடும்.

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி இருப்பது நமக்கு அழகல்ல. இயக்கத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்பதை வீடுவீடாகச் சொல்லுங்கள். மனுவை எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், மனு யார் மேசையில் தூங்குகிறது என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். குடியரசு நாளிலும், மே நாளிலும், விடுதலை நாளிலும், அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறதே, அங்கே இந்த மனுக்களின் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். மே நாளில் கொடி ஏற்றினால் போதுமா? அன்றைய கிராம சபையில் நம் குரலும் ஏற வேண்டாமா?

மரம் வெட்டப் போகும் தொழிலாளத் தோழனுக்கும் ஒரு சொல்: கோடரியை எடுக்குமுன் அனுமதித் தாளைக் கேள். காட்டத் தயங்குகிறவனிடம் கூலி வாங்காதே. அந்தக் கூலிக்குள் ஜாமீன் செலவும் ஒளிந்திருக்கிறது.

வாசலூர்பட்டிப் பெரியவரின் மனுவை அன்று மாலை டீக்கடைப் பலகையிலேயே உட்கார்ந்து எழுதினோம். எட்டு மரம், எட்டு எண், சர்வே நம்பர், எல்லாம் தெளிவாக எழுதினோம். எட்டுக்குப் பதினாறு கன்று நடுகிறேன் என்று அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்து, தம் பெயரை நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போட்டார். மறுநாள் அதைக் கொடுத்துத் தேதியிட்ட ரசீதும் வாங்கியாயிற்று.

பதில் இன்னும் வரவில்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. தரகன் இன்னொரு முறையும் வந்து போனானாம். "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

"ரசீதைக் காட்டினேன்" என்றார் பெரியவர்.

அந்த ரசீது ஒவ்வொரு குடிசையிலும் இருக்கும்படி செய்வோம், தோழர்களே! தரகனின் கால் வாசலோடு நிற்கும்.