கோலா உருண்டை வறண்டு போகாமலிருக்க



மேய்ச்சலுக்கு நடந்து திரிந்த வெள்ளாட்டின் தொடைக்கறியில் கொழுப்பு குறைவு. ஆனால் அதைக் கொத்திக் கோலா உருண்டை போட்டால், "என்னம்மா இது, தேங்காய் நார் மாதிரி இருக்கு?" என்று பிள்ளைகள் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். கறி விற்கிற விலையில் இது கட்டுப்படியாகுமா?

சங்கதி இதுதான். கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். சூடு ஏற ஏறச் சதைநார் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. கொழுத்த கறி என்றால் தண்ணீர் போனாலும் உருகிய கொழுப்பு மெத்தென்று வைத்திருக்கும். தனிச்சதைக்கு அந்த வழியில்லை. இங்கேதான் நம் பாட்டிமார் சேர்த்த பொட்டுக்கடலை மாவு கைகொடுக்கிறது. பிழிந்து வரும் சாற்றை உறிஞ்சி உருண்டைக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளும். அரைத்த தேங்காய் கொழுப்புக்கு ஈடு. அதற்காக மாவை அள்ளிக் கொட்டிவிடாதீங்க. அப்புறம் அது கறி உருண்டை இல்லை, கடலை உருண்டை!

வறண்டுவிடுமே என்று அரைவேக்காட்டில் எடுப்பதும் கூடாது. முழுத் துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. உருண்டையின் நடுவே 71 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏற வேண்டும். நிறத்தை நம்பாதீங்க, போதிய சூடு ஏறுமுன்பே உள்ளே பழுத்த நிறம் வந்துவிடுவதுண்டு. எண்ணெய் புகையக் காய்ந்தால் வெளியே கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். கொத்துக்கறியை மசாலாவோடு முதலில் நன்றாக வேகவைத்து, நீர் வற்றியதும் அரைத்து, பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டி, நிதானமான தீயில் பொரித்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மிச்சமானதை என்ன செய்வது? ராத்திரி முழுக்கச் சட்டியில் கிடந்ததைக் காலையில் சுடவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. சில கிருமிகள் விட்டுவைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது; வாந்தியும் பேதியும்தான் மிச்சம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். அது இல்லாத வீட்டில் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்வதே மேல்.

எடுத்துவைத்த உருண்டையை மறுபடி எண்ணெயில் போட்டால் இருக்கிற ஈரமும் போய்விடும். குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதில் உருண்டையைப் போட்டு, நடுவும் நன்றாகச் சுடும்வரை மூடிக் கொதிக்க வையுங்கள். காற்றுப்பட்டுக் கறியின் கொழுப்பு கெடுவதால் வருகிற பழைய வாடையும் குழம்பு மணத்தில் அடங்கும். சாப்பிடுகிற அளவு மட்டும் எடுத்துச் சுடவையுங்கள். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.